லஞ்ச வழக்கில் எதிரி விடுதலையா? புகார் கொடுத்தவர் மேல்முறையீட்டுக்குச் செய்ய வேண்டியவை

லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் கொடுத்தவர், தீர்ப்பு சொல்லும் நாளில் நீதிமன்றத்தில் இருப்பது அபூர்வம். சாட்சி சொல்லி முடித்ததோடு தன் வேலை முடிந்தது என்று ஊருக்குப் போய்விடுவார். எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுதலையாகி அதே அலுவலகத்தில் மறுபடி வந்து உட்கார்ந்த பிறகு யாராவது சொல்லித்தான் விஷயம் தெரியவரும். அப்புறம் அங்கே இங்கே விசாரித்து வக்கீலைத் தேடி வருவதற்குள் மேல்முறையீட்டுக்கான காலக்கெடு பாதி ஓடியிருக்கும். சில பேருக்கு முழுசாகவே ஓடியிருக்கும்.

நான் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வக்கீல். என்னிடம் வருகிறவர்கள் லஞ்சம் கொடுக்க மாட்டேன் என்று துணிந்து புகார் எழுதிக் கொடுத்தவர்கள். பவுடர் தடவிய நோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அந்த அலுவலகத்தின் படியேறியவர்கள். பல வருஷம் கழித்துக் கூண்டில் நின்று குறுக்கு விசாரணையையும் தாங்கியவர்கள். ஒரு தீர்ப்பைக் கேட்டதும் "இனிமே ஒண்ணும் பண்ண முடியாதாமேம்மா" என்று அவர்கள் ஒடுங்கிப் போவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பண்ண முடியும். ஆனால் "அவர் வாங்கினார், எனக்குத் தெரியும்" என்று திரும்பத் திரும்பச் சொல்வதால் எதுவும் நடக்காது. எந்தக் காரணத்தைச் சொல்லி விடுவித்தார்கள் என்பதைத் தீர்ப்பிலிருந்து பிடிக்க வேண்டும். அந்தக் காரணத்தை உடைக்கிற ஆதாரம் வழக்குக் கட்டிலேயே இருக்கிறதா என்று தேட வேண்டும். மேல்முறையீட்டில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேலைதான்.

முதலில் தீர்ப்பு நகல்

வழக்கு எண் தெரிந்தால் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தீர்ப்பு ஏறியிருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடலாம். படிப்பதற்கு அது போதும். தாக்கல் செய்வதற்குச் சான்றிட்ட நகல் வேண்டும். வழக்கு நடந்த சிறப்பு நீதிமன்றத்தில்தான் நகல் மனு போட வேண்டும். சில ஊர்களில் ஊழல் வழக்குகளுக்கென்றே தனி சிறப்பு நீதிமன்றம் இருக்கும், மற்ற மாவட்டங்களில் தலைமைக் குற்றவியல் நடுவரே சிறப்பு நீதிபதியாகவும் இருப்பார். தீர்ப்பினால் பாதிக்கப்பட்டவர் கட்டணம் கட்டி நகல் கேட்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. "நீங்க பார்ட்டி இல்லையே" என்று யாராவது சொன்னால், நான்தான் இந்த வழக்கின் புகார்தாரர், அரசுத் தரப்பு முதல் சாட்சி என்று மனுவில் எழுதிக் கொடுங்கள்.

தீர்ப்போடு நிற்காதீர்கள். உங்கள் சாட்சியம், ட்ராப் அன்று (பவுடர் நோட்டைக் கொடுக்க வைத்துக் கையும் களவுமாகப் பிடித்த நாளில்) உங்களோடு உள்ளே வந்த அரசு ஊழியரின் சாட்சியம், ட்ராப் நடத்திய ஆய்வாளரின் சாட்சியம், பணத்தை உங்களிடம் ஒப்படைத்தபோது எழுதிய மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் எழுதும் பதிவு), பிடிபட்ட பிறகு எழுதிய மகஜர், எதிரியிடம் நீதிபதி நேரடியாகக் கேட்ட கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்கள், இவ்வளவுக்கும் நகல் கேளுங்கள். கடைசியாகச் சொன்னது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 313, இப்போதைய சட்டத்தில் 351. அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

நகல் கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு முத்திரை குத்தி அதில் வரிசையாகத் தேதிகள் எழுதியிருப்பார்கள்: மனு கொடுத்த நாள், நகலுக்கான முத்திரைத்தாள் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், நகல் வழங்கிய நாள். காலக்கெடுவைக் கணக்கிடுவது இந்தக் கட்டத்தை வைத்துத்தான். விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்வதற்குக் காலவரையறைச் சட்டம் தருவது தீர்ப்பு நாளிலிருந்து 90 நாள். நகல் எடுக்க நீதிமன்றம் எடுத்துக்கொண்ட நாள்களை அந்த 90-லிருந்து கழித்துவிடலாம். ஆனால் முத்திரைத்தாள் கேட்டும் நீங்கள் கட்டாமல் இழுத்த நாள்கள் கழியாது. நகல் தயாரான பிறகு வாங்காமல் விட்ட நாள்களும் கழியாது. அதனால் நகல் மனுவைத் தீர்ப்பு வந்த வாரத்திலேயே போட்டு, நகல் பிரிவின் அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கடிவாளம் அரசின் கையில்

லஞ்ச வழக்கு போலீஸ் வழக்கு. வழக்கை நடத்தியது அரசு, ஆகவே மேல்முறையீடு செய்யும் முதல் உரிமையும் அரசுக்குத்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 378. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 419. மாநில அரசு உத்தரவிட, அரசு வழக்கறிஞர் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்வார். சிபிஐ நடத்திய வழக்கு என்றால் மத்திய அரசு உத்தரவிட வேண்டும். தீர்ப்பு சொன்னது எந்த நிலை நீதிபதியாக இருந்தாலும், ஊழல் தடுப்புச் சட்ட வழக்கில் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகும். மாவட்ட நீதிமன்றத்தில் அலைய வேண்டியதில்லை.

வழக்கை நடத்திய அரசு எதுவோ அந்த அரசுக்குத்தான் இந்த உரிமை என்பதற்குத் தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு பெங்களூருக்கு மாற்றப்பட்டது. 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தபோது உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு கொண்டு போனது கர்நாடக அரசு. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்தது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் எங்கே தட்ட வேண்டும் என்று தெரியும். தீர்ப்பு வந்ததும், விசாரணை நீதிமன்றத்தில் வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் மேல்முறையீடு செய்யத் தகுந்த வழக்கா, இல்லையா என்று கருத்து எழுதுவார். லஞ்ச ஒழிப்புத் துறையின் மாவட்டப் பிரிவு அதைச் சேர்த்துத் தலைமையகத்துக்கு அனுப்பும். அங்கே சட்ட ஆலோசனை, பிறகு அரசு உத்தரவு, அதற்குப் பிறகுதான் உயர் நீதிமன்ற அரசு வழக்கறிஞர். ஒவ்வொரு மேஜையிலும் கோப்பு சில நாள் தங்கினாலே 90 நாள் தீர்ந்துவிடும். தாமதத்தை மன்னிக்கக் கோரி மனு போடலாம்தான். ஆனால் அரசாங்கம் என்பதற்காகத் தாமதத்தைத் தானாக மன்னித்துவிட முடியாது, கோப்பு சுற்றியது என்ற சமாதானம் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

அதனால், தீர்ப்பைப் படித்த கையோடு ஒரு கடிதம் எழுதுங்கள். மாவட்டப் பிரிவின் துணைக் கண்காணிப்பாளருக்கு ஒன்று, சென்னை ஆலந்தூரில் இருக்கும் இயக்குநர் அலுவலகத்துக்கு ஒன்று, விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்), ஒப்புகையோடு. இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். வழக்கு எண், தீர்ப்பு நாள், 90-வது நாள் எந்தத் தேதியில் வருகிறது என்பது முதல் பத்தியிலேயே இருக்கட்டும். அடுத்த பத்தியில் புலம்பல் வேண்டாம். தீர்ப்பின் இந்தப் பத்தியில் இப்படிச் சொல்லியிருக்கிறது, ஆனால் சாட்சியத்தின் இந்தப் பக்கத்தில் இப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். மேல்முறையீடு வேண்டாம் என்று எழுத நினைக்கும் ஒருவரைக்கூட அந்த மாதிரிக் கடிதம் யோசிக்க வைக்கும். கோப்பில் அது ஆவணமாகச் சேர்ந்துவிடுகிறது அல்லவா.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்று அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். லஞ்ச ஒழிப்புத் துறைக்குத் தமிழக அரசு 2008-ல் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறது. ஊழல் பற்றிய தகவலுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்று சட்டத்திலேயே ஒரு வரி இருந்தாலும், அதைச் சொல்லி வாதாடி முடிப்பதற்குள் உங்கள் கெடு போய்விடும்.

தீர்ப்பை எப்படிப் படிப்பது

விடுதலைத் தீர்ப்பைப் புரட்டுவது ஏன் கடினம் என்பதை முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். குற்றம் நிரூபிக்கப்படும் வரை எதிரி நிரபராதி என்பது ஒரு அனுமானம். ஒரு நீதிமன்றம் விசாரித்து விடுவித்துவிட்டால் அந்த அனுமானம் இரட்டிப்பாகிறது. சாட்சியங்களை முழுவதுமாக மறுபடி அலச உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதே சாட்சியத்திலிருந்து இரண்டு விதமான முடிவுக்கு வர முடியும் என்றால், விசாரணை நீதிபதி எடுத்த முடிவில் கை வைக்கக் கூடாது. 2007-ல் சந்திரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தொகுத்துச் சொன்னது, எதிரியின் வக்கீல் நிச்சயம் அதைத்தான் முதலில் எடுத்துப் படிப்பார். ஆகவே "வேறு மாதிரியும் பார்க்கலாம்" என்று வாதாடினால் தோற்போம். "இந்தச் சாட்சியத்தை வைத்துக்கொண்டு இந்த முடிவுக்கு வரவே முடியாது" என்று காட்ட வேண்டும்.

அதை எப்படிக் காட்டுவது? பட்டா மாறுதலுக்குப் போன ஒரு விவசாயி என்னிடம் கொண்டுவந்த கட்டைச் சொல்கிறேன். கிராம நிர்வாக அலுவலர் பணம் கேட்டதாக வழக்கு. கையைக் கழுவிய சோடியம் கார்பனேட் கரைசல் இளஞ்சிவப்பாக மாறியிருக்கிறது, அதாவது பவுடர் தடவிய நோட்டை அந்தக் கை தொட்டிருக்கிறது, நோட்டு எண்கள் மகஜரோடு ஒத்துப்போகின்றன. ஆனாலும் விடுதலை. தீர்ப்பில் காரணம் ஒரே வரி: பணம் கேட்டதை அரசுத் தரப்பு இரண்டாம் சாட்சி கேட்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார், எனவே லஞ்சம் கேட்டது நிரூபிக்கப்படவில்லை.

இரண்டாம் சாட்சி என்பவர் வேறு துறையைச் சேர்ந்த அரசு ஊழியர், புகார்தாரரோடு கூடப் போனவர். அவருடைய சாட்சியத்தின் நகலை எடுத்து வைத்தோம். முதல் விசாரணையில், "என்னய்யா, கொண்டு வந்தியா?" என்று எதிரி கேட்டதாகவும், புகார்தாரர் பணத்தை எடுத்து நீட்டியதாகவும் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். குறுக்கு விசாரணையில், "நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன், அவர்கள் பேசியது முழுவதும் எனக்குக் கேட்கவில்லை என்றால் சரிதான்" என்கிறார். முழுவதும் கேட்கவில்லை என்பது, தீர்ப்பில் எதுவுமே கேட்கவில்லை என்று ஆகிவிட்டது. பென்சிலால் அந்த இரண்டு இடத்தையும் கோடு போட்டுக் காட்டியபோது அந்தப் பெரியவர் மூன்று முறை படித்தார். இது இரண்டு விதமாகப் பார்க்கக்கூடிய இடம் அல்ல. சாட்சி சொல்லாத ஒன்றைச் சொன்னதாக எடுத்துக்கொண்ட இடம். இந்த மாதிரி ஒரு இடம் கிடைத்தால் மேல்முறையீட்டுக்கு உயிர் வந்துவிடும். தீர்ப்பில் "ஒப்புக்கொண்டார்" என்று எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் மூல சாட்சியத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

ட்ராப் வழக்கு விடுதலைகளில் அடிக்கடி வரும் காரணங்கள் சில உண்டு. உங்கள் தீர்ப்பில் இருப்பது இவற்றில் எது என்று பாருங்கள்.

லஞ்சம் கேட்டது நிரூபிக்கப்படவில்லை என்பதுதான் மிகப் பெரிய காரணம், சட்டப்படி அதற்கு வலுவும் உண்டு. பணம் கையில் பிடிபட்டது மட்டும் போதாது, கேட்டதும் வாங்கியதும் இரண்டுமே நிரூபணமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லியிருக்கிறது. 2022 டிசம்பர் 15 அன்று நீரஜ் தத்தா வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை உறுதி செய்துவிட்டு, கூடவே இன்னொன்றும் சொன்னது. புகார்தாரர் இறந்துவிட்டாலோ, முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியாகிவிட்டாலோ வழக்கு அத்தோடு செத்துப் போகாது. மற்ற சாட்சிகள், ஆவணங்கள், சூழ்நிலைச் சான்றுகள் மூலமும் லஞ்சம் கேட்டதை நிரூபிக்கலாம். புகார்தாரர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக விடுவித்திருந்தால் இந்தத் தீர்ப்பை முன்வைக்கலாம். ஆனால் அந்தப் பேச்சு வேறு யார் காதிலும் விழவில்லை, செல்போன் பதிவு இல்லை, எதுவும் இல்லை என்றால் மேல்முறையீட்டில் பிழைப்பது கஷ்டம். அதை உங்களிடம் நேராகச் சொல்கிற வக்கீலை நம்புங்கள்.

எதிரி சொன்ன விளக்கத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது என்பது அடுத்தது. கடன் திருப்பிக் கொடுத்தார், வரிப் பாக்கி கட்டினார், என் பையில் திணித்துவிட்டார் என்று ஏதோ ஒன்று. கேட்டு வாங்கியது நிரூபணமாகிவிட்டால் அது லஞ்சம்தான் என்று ஊழல் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 20 அனுமானிக்கச் சொல்கிறது. அதை மறுக்கும் பொறுப்பு எதிரியுடையது. சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு மறுக்க வேண்டியதில்லை, நம்பத்தகுந்த அளவுக்கு மறுத்தால் போதும். இங்கேதான் முன்னால் சொன்ன 313 பதில்கள் வேண்டும். அந்த விளக்கம் முதன்முதலாக எப்போது வந்தது? பிடிபட்ட நிமிஷம் ஆய்வாளர் கேட்டதற்குச் சொன்னாரா, மகஜரில் இருக்கிறதா? அல்லது வருஷக்கணக்கில் மூச்சு விடாமல் இருந்துவிட்டு, கேள்வி கேட்கும் நாளில் முதன்முறையாகச் சொன்னாரா? கடன் என்றால் ஒரு துண்டுச் சீட்டாவது காட்டினாரா? வரிப் பாக்கி என்றால் ரசீதுப் புத்தகம் எங்கே? இந்தக் கேள்விகளைத் தீர்ப்பு தொடவே இல்லை என்றால் அது நல்ல காரணம்.

வழக்குத் தொடர அனுமதித்த இசைவாணை செல்லாது என்று விடுவித்திருந்தால் அதைத் தனியாகக் கவனியுங்கள். இசைவாணை செல்லாது என்றால் அந்த விசாரணையே செல்லாது. எதிரியை வழக்கிலிருந்து விடுவிக்கலாம், ஆனால் குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்துக் கதவை மூட முடியாது, முறையான இசைவு பெற்று மறுபடி வழக்குத் தொடரலாம் என்பது 2015-ல் நஞ்சப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புகார் பதிவு செய்த அதிகாரியே புலன் விசாரணையும் செய்தார் என்று விடுவித்திருந்தால், அது மட்டும் விடுதலைக்குக் காரணமாகாது என்ற 2020 அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பு இருக்கிறது. முகேஷ் சிங் வழக்கு.

பேச்சுப் பதிவுக்குச் சான்றிதழ் இல்லை என்று ஒதுக்கியிருந்தால் கொஞ்சம் சிக்கல். மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழ் கட்டாயம்தான். ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றம் தேவையென்று கருதினால் கூடுதல் சாட்சியம் எடுக்கலாம், பழைய 391, புதிய 432. அதற்குத் தனி மனு போட வேண்டும், இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை என்பதற்குப் பதிலும் வேண்டும். "அந்தத் தேதியில் எதிரியிடம் கோப்பே இல்லை" என்ற காரணம் வந்தால், கோப்பு எங்கே இருந்தது என்பது புகார்தாரருக்கு எப்படித் தெரியும் என்பதுதான் பதில். வேலையைச் செய்து முடித்துவிட்டு அதைச் சொல்லாமலும் பணம் கேட்க முடியும். எல்லாவற்றுக்கும் மேலே ட்ராப் நடந்த தேதியைப் பாருங்கள். சட்டம் 2018 ஜூலை 26 அன்று திருத்தப்பட்டது. அதற்கு முந்தைய சம்பவத்துக்குப் பழைய பிரிவு 7-ம் 13-ம், பிந்தையதற்குப் புதிய 7. மாற்றிப் போட்டு வாதாடினால் அடிப்படையே ஆட்டம் காணும்.

அரசு போடாவிட்டால்

2009-ம் ஆண்டின் கடைசி நாளிலிருந்து, பாதிக்கப்பட்டவரே விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். பழைய சட்டத்தில் பிரிவு 372-ன் வரம்புரை, புதியதில் 413. அரசு மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் உயர் நீதிமன்றத்தின் அனுமதியை முதலில் பெற வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு அந்த அனுமதி தேவையில்லை என்று 2018-ல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது.

ஆனால் லஞ்ச வழக்கில் புகார்தாரர் "பாதிக்கப்பட்டவர்" ஆவாரா? எதிர்த்தரப்பு எழுப்பும் முதல் ஆட்சேபணை இதுதான். குற்றத்தால் நஷ்டமோ தீங்கோ அடைந்தவர் என்பது சட்டத்தின் வரையறை. ட்ராப் பணம் திரும்பக் கிடைத்துவிட்டது, உனக்கென்ன நஷ்டம் என்று கேட்பார்கள். அதற்குப் பதிலை மேல்முறையீட்டு மனுவிலேயே எழுதிவிடுங்கள். ட்ராப்புக்கு முன்னால் தவணையாக ஏதாவது கொடுத்திருந்தீர்களா? பணம் தராததால் பட்டா, இணைப்பு, பில், சான்றிதழ் எத்தனை காலம் நின்றது, அதனால் என்ன இழந்தீர்கள்? அதற்கான தாள்களை இணையுங்கள். இந்த மேல்முறையீட்டுக்கென்று தனிக் காலக்கெடு எதுவும் பிரிவில் எழுதப்படவில்லை. அதனால் நான் யாரையும் 90 நாள் வரை காத்திருக்கச் சொல்வதில்லை, 60 நாளுக்குள் தாக்கல் செய்யச் சொல்கிறேன். பின்னால் கெடு தாண்டிவிட்டது என்ற வாதமே எழாது.

பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், வருமான வரம்புக்குள் வருபவர்கள் உயர் நீதிமன்ற சட்டப்பணிகள் குழுவிடம் இலவசமாக வக்கீல் கேட்கலாம்.

சீராய்வு மனு போடலாமே என்று சிலர் சொல்வார்கள். சீராய்வில் உயர் நீதிமன்றம் விடுதலையைத் தண்டனையாக மாற்ற முடியாது, அதிகபட்சம் மறுவிசாரணைக்கு அனுப்பலாம். மேல்முறையீடு செய்யும் உரிமை உள்ளவர் அதை விட்டுவிட்டுச் சீராய்வுக்கும் போக முடியாது. பாதிக்கப்பட்டவர் என்ற தகுதியே நிற்காது என்று தோன்றும் வழக்கில் மட்டும் அது கடைசி வழி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்களே நீதிமன்றத்தில் பிறழ் சாட்சி சொல்லியிருந்தால், உங்கள் பெயரில் மேல்முறையீடு போடாதீர்கள். மிரட்டலோ, ஊர்ப் பெரியவர்கள் சமாதானமோ, காரணம் எதுவாக இருந்தாலும் சத்தியம் செய்து சொன்னதற்கு எதிராக இப்போது மனு போட்டால் பொய்ச் சாட்சி என்ற வழக்கு உங்கள் மேல் திரும்பலாம். மேல்முறையீட்டை அரசே நடத்தட்டும். நீரஜ் தத்தா தீர்ப்பு அரசுக்கு இருக்கிறது.

தாக்கல் செய்த பிறகு

மனு தாக்கலானதும் ஒரு எஸ்.ஆர். எண் (வழக்கு எண் தருவதற்கு முந்தைய தற்காலிகத் தாக்கல் எண்) கிடைக்கும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பதிவுத் துறை குறைகள் இருந்தால் கட்டைத் திருப்பிக் கொடுக்கும், சரி செய்து மறுபடி கொடுக்க வேண்டும். இந்த இடத்தில் எத்தனையோ கட்டுகள் மாதக்கணக்கில் தூங்குகின்றன. அரசின் மேல்முறையீடாக இருந்தாலும் அந்த எண்ணை லஞ்ச ஒழிப்புத் துறையின் நீதிமன்றக் காவலரிடம் கேட்டு வாங்கி, எண்ணிடப்பட்டுவிட்டதா என்று இணையத்தில் பாருங்கள்.

அரசின் மேல்முறையீடு என்றால் அடுத்து அனுமதிக் கட்டம். மேல்முறையீட்டில் விசாரிக்கத் தகுந்த விஷயம் இருக்கிறதா என்று மட்டும்தான் இங்கே பார்ப்பார்கள். சின்னக் கட்டம்தான், ஆனால் நாள் பிடிக்கலாம். 2ஜி வழக்கில் 2017 டிசம்பர் 21 அன்று எல்லோரும் விடுவிக்கப்பட்டார்கள், 2018 மார்ச்சில் சிபிஐ டெல்லி உயர் நீதிமன்றம் போனது. அந்த மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்கும் உத்தரவு வந்தது 2024 மார்ச்சில். உங்கள் வழக்கு அவ்வளவு பெரிசு இல்லை, அவ்வளவு இழுக்க வேண்டியதும் இல்லை. ஆனாலும் பொறுமை வேண்டும்.

அனுமதி கிடைத்துவிட்டால் எதிரிக்கு நோட்டீஸ் போகும். விடுதலையாகும்போதே, மேல் நீதிமன்றம் அழைத்தால் ஆஜராவேன் என்று ஆறு மாதத்துக்கு அவர் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார். அவர் ஓய்வு பெற்றிருந்தாலோ வீடு மாறியிருந்தாலோ நோட்டீஸ் அவர் கைக்குப் போய்ச் சேர்வதே பெரிய பாடாகிவிடும். புதிய முகவரி உங்களுக்குத் தெரிந்தால் துறையிடம் எழுத்தில் கொடுங்கள். வயதான எதிரி என்றால் இதில் அவசரம் காட்டுங்கள்: விடுதலையை எதிர்த்த மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது எதிரி இறந்துவிட்டால் மேல்முறையீடு அத்தோடு முடிந்துபோகும்.

இதற்கிடையில் அவர் வேலையில் தொடர்வதைப் பார்த்து மனம் வெறுத்துப் போகாதீர்கள். துறை ரீதியான ஒழுங்கு நடவடிக்கை தனி. அங்கே தேவைப்படும் நிரூபணத்தின் அளவு குறைவு, குற்றவியல் விடுதலை வந்ததாலேயே அது தானாக முடிந்துவிடாது. உங்களைச் சாட்சியாகக் கூப்பிட்டால் போங்கள். நீதிமன்றத்தில் சொன்னதையே சொல்லுங்கள், ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அங்கே மாற்றிச் சொன்னால் எதிரியின் வக்கீல் அதை இங்கே கொண்டுவரப் பார்ப்பார்.

இறுதி விசாரணை பட்டியலில் வந்ததும் அரசு வழக்கறிஞரைப் போய்ப் பாருங்கள். அவர் கையில் அன்றைக்கு ஏகப்பட்ட கட்டுகள் இருக்கும். நீங்கள் கோடு போட்டு வைத்த சாட்சியப் பக்கங்களையும், தீர்ப்பில் அதற்கு எதிரான பத்தி எண்ணையும் ஒரே தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். நல்ல அரசு வழக்கறிஞர் யாரும் இதை வேண்டாம் என்று சொன்னதில்லை.

உயர் நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்தால் தண்டனை பற்றி எதிரியின் தரப்பைக் கேட்டுவிட்டுத் தண்டனை விதிக்கும். அவர் உச்ச நீதிமன்றம் போவார், தண்டனையை நிறுத்தி வைக்கக் கேட்பார், அதுவும் எதிர்பார்த்ததுதான். உயர் நீதிமன்றமும் விடுதலையை உறுதி செய்தால் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு போட அரசுக்கும் உங்களுக்கும் 90 நாள் உண்டு. அன்று மாலையே உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு மனு கொடுத்துவிடுங்கள், துறைக்கு இரண்டாவது கடிதத்தையும் அந்த வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள்.